பெயர் அறியாக் கலைஞர்கள். பிரகாரம் நிறைக்கும் நாதம்

திருவிழா என்றவுடன் மலேசியத் தமிழர்களின் மனக்கண்முன் தோன்றுவன பத்துமலையும் பினாங்குத் தண்ணீர்மலையுமே. ஆயினும், ஆண்டு முழுவதும் திருவிழாக்களைத் தாங்கி நிற்பவை தோட்டங்களின் ஓரத்திலும் தாமான்களின் முனையிலும் அமைந்துள்ள சிறிய ஆலயங்களாகும். பெருங்கூட்டத்தின் இரைச்சலில் காதுக்கு எட்டாமற்போகும் மங்கல இசையை அருகிருந்து கேட்கும் பேறு இச்சிறிய ஆலயங்களுக்கு வரும் அடியார்களுக்கே வாய்க்கிறது.

அங்கு வாசிப்போர் பெரும்பாலும் புகழ் பெறாத கலைஞர்கள். சிலர் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தின்பேரில் வந்தவர்கள். சிலர் இந்நாட்டிலேயே பயின்ற இளைஞர்கள். திருவிழா அழைப்பிதழில் உபயக்காரர்களின் பெயர்கள் வரிசையாக இடம்பெறும். இவர்களுக்குக் கிடைப்பதோ ‘மங்கல இசை முழங்க’ என்னும் சொற்றொடர் மட்டுமே.

பத்தடித் தொலைவில் ஒரு கச்சேரி

தூணோரம் விரித்த பாயில் இரண்டு நாகசுரம், இரண்டு தவில், ஒரு தாளம் என்று குழு அமர்கிறது. முற்காலத்தில் சுருதிக்கென ஒத்து ஊதுவதற்குத் தனியாக ஒருவர் இருப்பார். இன்று அவ்விடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது. திறந்த வெளிக்கென்றே பிறந்த இவ்வாத்தியத்திற்கு ஒலிபெருக்கி தேவையில்லை. பத்தடித் தொலைவில் அமர்பவர், கலைஞர் மூச்சை அடக்கி நிறுத்துவதையும் விரல்கள் துளைகளின்மேல் பாதி மூடிப் பாதி திறந்து கமகம் பிறப்பிப்பதையும் கண்ணாலேயே காணலாம்.

ஆச்சா மரத்தில் கடையப்படும் நாகசுரத்தில் விரல்கள் ஆளும் துளைகள் 7. அடிப்பகுதியில் நாதத்தைச் சீர்செய்யும் துளைகள் 5. நாகசுரம் செய்வதில் பெயர்பெற்ற தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டைக்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. நாணலைப் பக்குவப்படுத்திச் செய்யும் சீவாளியே இதன் உயிர். அதனால்தான் மாற்றுச் சீவாளிகள் வாத்தியத்திலேயே கயிற்றில் தொங்குகின்றன. பலா மரத்தாலான தவிலை ஒரு கையின் விரல்களில் அணிந்த கூடுகளும் மறு கையிலுள்ள கழியும் பேசவைக்கின்றன.

சுவாமி புறப்பாட்டின்போது ஒலிப்பது மல்லாரி. கம்பீரநாட்டை இராகத்தில் அமையும் இதற்குப் பாடல் வரிகள் கிடையா. தாளக் கணக்கே அதன் மொழி. இரதம் தெருவில் இறங்கியபின் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அர்ச்சனைத் தட்டுக்காக நிற்கும். பக்தர்களுக்கு அது காத்திருக்கும் நேரம். கலைஞருக்கு அதுவே இராகத்தை விரிவாக ஆலாபனை செய்யக் கிடைக்கும் வாய்ப்பு. இரதம் ஆலயம் திரும்பி, இறைவனை ஊஞ்சலில் அமர்த்தும்போது நீலாம்பரி தாலாட்டாக ஒலிக்கிறது.

திமிரி நாகசுரத்தின் உச்சச் சுருதியிலிருந்து விலகி, நீண்ட பாரி நாகசுரத்தில் புதிய நாதத்தைக் காட்டிய திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) போன்ற மேதைகளும் ஆலயச் சன்னிதியில் வளர்ந்தவர்களே. மணிக்கணக்கில் வாசிக்க இடமும், செவிமடுக்க அடியார்களும் இருந்தமையால்தான் அக்கலை அந்த உயரத்தை எட்டியது.

இயந்திரம் பறிக்கும் இடம்

இன்றைய நிலை வேறு. விசையைத் தட்டியதும் மணியும் முரசும் தாமே ஒலிக்கும் மின் இயந்திரம் பல ஆலயங்களில் தீபாராதனை நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. இயந்திரத்திற்கு உணவும் உறைவிடமும் தரவேண்டியதில்லை என்பது வருவாய் குறைந்த நிர்வாகங்களின் நியாயம். அதை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆனால், கலைஞரை அழைத்த ஆலயத்திலும் அவர் இராகத்தைத் தொடங்கும் வேளையில் பந்தலில் திரைப்பாடல் ஒலிபெருக்கியில் முழங்குகிறது. அன்னதான வரிசை நீள்கிறது. எதிரே விரித்த பாய் வெறுமையாகக் கிடக்கிறது. அப்போதும் அவர் வாசிப்பைக் குறைப்பதில்லை. இறைவன் கேட்கிறான் என்ற நம்பிக்கையே அவருக்குத் துணை.

இந்நாட்டில் நாகசுரமோ தவிலோ பயிலும் இளைஞனுக்குப் பெரிய மேடைகள் எடுத்த எடுப்பில் கிடைப்பதில்லை. தவறு செய்து, திருத்திக்கொண்டு, ஓர் இராகத்தை அரைமணி நேரம் நிலைநிறுத்தப் பழகும் இடம் சிறிய ஆலயத்தின் பிரகாரமே. அந்த இடமும் போய்விட்டால் நாளைய திருமணங்களுக்குக் கெட்டிமேளம் கொட்டவும் வெளியூர்க் கலைஞரையே நம்பியிருக்க வேண்டிவரும்.

இதனைத் தடுக்கப் பெருஞ்செலவு ஏதும் தேவையில்லை. அழைப்பிதழில் கலைஞர்களின் பெயர்களை அச்சிடலாம். அவர்கள் வாசிக்கும் அரைமணி நேரமாவது ஒலிபெருக்கியை நிறுத்தி வைக்கலாம். நாகசுரத்திற்கென ஓர் உபயத்தைக் குடும்பங்கள் ஏற்கலாம். அடியார்கள் தம் பிள்ளைகளோடு அந்தப் பாயில் வந்து அமரலாம்.

இவ்வாண்டுத் திருவிழாவில் அர்ச்சனை முடிந்து பிரசாதம் பெற்றபின் வீடு திரும்ப விரையாமல், நீலாம்பரி ஒலிக்கும்வரை சற்றே அமர்ந்து கேளுங்கள். வாசித்து முடித்தவரிடம் அவருடைய பெயரையும் கேட்டறியுங்கள். ஆலயத்திற்குச் செய்யும் தொண்டுகளுள் அதுவும் ஒன்றாகும்.