கையை ஓங்கும் பாட்டி

அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் பெரிய ரகளை நடக்கும் இடம் குளியலறைதான். மறதிநோய் முற்றிய பாட்டி உதவியாளரின் கையைக் கடிப்பார், கிள்ளுவார், கூச்சல் போடுவார். 'முரண்டு பிடிக்கிறார்' என்று பணிக்குறிப்பில் ஏறிவிடும். அதற்கு முந்தைய நிமிடத்தில் உதவியாளர் என்ன செய்தார் என்பது பெரும்பாலும் ஏறாது.

பாட்டியின் பக்கம் நின்று பாருங்கள். முன்பின் தெரியாத யாரோ வந்து உடையைக் கழற்றுகிறார். குளிர்ந்த அறை. தலையில் திடீரென்று தண்ணீர். மூட்டு வலிக்கும் கையை வெடுக்கென்று தூக்குகிறார்கள். கையை ஓங்காமல் என்ன செய்வார்?

மாத்திரை கொடுத்து அடக்குவது சுலபம்தான். ஆனால் மனநோய்க்கான இத்தகைய மருந்துகள் மறதிநோயுள்ள முதியோரின் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005-லேயே எச்சரித்துவிட்டது.

பாட்டியின் எதிர்ப்பில் பேச்சுக்கும் பங்கு உண்டு. கான்சாஸில் கிறிஸ்டின் வில்லியம்ஸ் குழு, பராமரிப்பு வேளைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டது. 'செல்லம், நாம குளிக்கலாமா' என்று குழந்தையிடம்போல் கொஞ்சியபோது எதிர்ப்பு வரும் வாய்ப்பு 55 சதவீதம். பெரியவரிடம் பேசுவதுபோல் பேசியபோது 26. வாயே திறக்காமல் இருந்தால்கூட 36தான்! கொஞ்சுபவர் அன்பாகத்தான் கொஞ்சுகிறார், பாவம்.

குளியலையே மாற்றிப் பார்த்தவர் வட கரோலினா மருத்துவர் பிலிப் ஸ்லோன். அவர் குழு 15 இல்லங்களில் நடத்திய சோதனையின் முடிவு 2004-ல் வந்தது. ஒரு முறையில், குளியலறையிலேயே உடம்பைத் துண்டால் மூடி, பேச்சுக் கொடுத்து, அவரவர் விருப்பம் கேட்டுக் குளிப்பாட்டினார்கள். இன்னொன்றில் குளியலறைக்கே போகவில்லை. அலச வேண்டாத சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பெரிய துண்டை நனைத்து, படுக்கையிலேயே போர்த்தி, அதன் மேலாகவே தேய்த்துவிட்டார்கள். அடிதடி முதல் முறையில் 53 சதவீதமும் இரண்டாவதில் 60 சதவீதமும் குறைந்தது.

துடைத்தால் அழுக்குப் போகுமா என்ற சந்தேகம் வரும். தோலில் கிருமி கூடவில்லை. துண்டுக் குளியலில் தோலின் நிலை தேறவே செய்தது.

உதவியாளரைக் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கடி வாங்குபவர் அவர், சம்பளம் சொற்பம், அடுத்த அறையில் இன்னொருவர் காத்திருக்கிறார். விருப்பம் கேட்டுக் குளிப்பாட்ட, வழக்கத்தைவிடச் சராசரியாக மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் கூடுதலாகப் பிடித்தது. துண்டுக் குளியலுக்கு அதுவும் கூடவில்லை. அந்த மூன்று நிமிடத்தைக் கால அட்டவணையில் எழுதித் தர வேண்டியவர் நிர்வாகி.