கடைசி யூனிட் மட்டும் ஏன் ஓடுது? கல்லூரி வகுப்பு நேரத்தை எப்படிப் பிரிக்கலாம்?

நவம்பர் வந்தால் போதும், திருவள்ளூர் மாவட்டக் கல்லூரிகளில் இரண்டு கேள்விகள் கிளம்பிவிடும். "நாளைக்கு லீவா சார்?" என்பது மாணவர்களின் கேள்வி. "போர்ஷன் முடிச்சாச்சா?" என்பது துறைத்தலைவரின் கேள்வி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர் பாடம் நடத்தும் ஆசிரியர். முதல் யூனிட்டுக்கு நாலு வாரம் போயிருக்கும். ஐந்தாவது யூனிட்டுக்கு நாலு நாள்கூட மிஞ்சாது.

ஏன் இப்படி ஆகிறது? இதைத் தவிர்க்க வழி இருக்கிறதா?

காட்டூர் மாணவருக்கு இதில் என்ன பாதிப்பு?

காட்டூர், பழவேற்காடு வட்டாரத்து மீனவ கிராமங்களில் பிளஸ் டூ முடிப்பவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரி ஊர் பொன்னேரி. உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரியும், 2012-ல் தொடங்கப்பட்ட டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியும் அங்கேதான் இருக்கின்றன.

வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு, பாடம் புரியவில்லை என்றால் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. கல்லூரிப் பாடத்துக்கு டியூஷனும் எளிதில் கிடைக்காது. வகுப்பில் கேட்பதுதான் கையில் இருக்கும் பாடம். அங்கே கடைசி யூனிட் ஓட்டத்தில் போனால், அது அரியராக வந்து நிற்கும். மீன்பாடு இருந்தால்தான் காசு என்ற குடும்பத்தில், திரும்பக் கட்டும் தேர்வுக் கட்டணமும் தள்ளிப்போகும் டிகிரியும் சின்ன விஷயம் இல்லை.

90 நாள் கணக்கு எங்கே இடிக்கிறது?

பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்குப்படி ஒரு செமஸ்டருக்கு 90 கற்பித்தல் நாட்கள். 6 டே ஆர்டர் வைத்தால் 15 சுற்று வரும். ஒரு சுற்றில் 5 ஹவர் உள்ள பேப்பருக்கு மொத்தம் 75 ஹவர். 5 யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு 15 ஹவர். தாராளமாகத்தான் தெரிகிறது.

ஆனால் இதில் இன்டெர்னல் தேர்வுகள், கல்லூரி விழா, என்.எஸ்.எஸ். முகாம், திறன் பயிற்சி வகுப்பு எல்லாம் கழியும். முதலாம் ஆண்டு என்றால் சேர்க்கை முடிந்து வகுப்பு முழுதாக நிரம்பவே சில வாரம் ஆகும். 15 ஹவர் இப்படிப் போனால் மிச்சம் 60.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்த இழப்பு எல்லா யூனிட்டிலும் சமமாக விழாது. ஜூன், ஜூலையில் தொடங்கும் செமஸ்டரின் கடைசிப் பகுதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் போய் முட்டுகிறது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் தொடர்ந்து விடுமுறை விட வேண்டியிருந்தது. 'பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை' என்று ஆட்சியர் அறிவிக்கும் நாளிலும், ஏரிக்கரை ஊரில் மழைத்தண்ணீர் நின்றால் அங்கிருந்து வரும் மாணவரின் பெஞ்சு காலிதான்.

அதாவது, அடி வாங்குவது எப்போதும் 4-வது, 5-வது யூனிட்தான். பாடத்தைச் சமமாகப் பிரித்த திட்டம், பார்க்க நியாயமாக இருந்தாலும், இந்தக் கரையில் முதல் நாளிலேயே பிசகிய திட்டம்.

சரி, எப்படித் திட்டமிடுவது?

பின்னாலிருந்து எண்ண வேண்டும். 75 ஹவர் என்று தொடங்காமல், கையில் வரப்போவது 60 என்று வைத்துக்கொள்ளலாம். யூனிட்டுக்கு 10 ஹவர் என்றால் 50 போகும். மீதி 10 ஹவர் மழைக்கும் ரிவிஷனுக்கும் கையிருப்பு. மழை பெய்யாவிட்டால் அத்தனையும் ரிவிஷனுக்கு லாபம்.

அடுத்து, ஒரு எல்லைக்கோடு. ஆயுத பூஜைக்குள் 3 யூனிட் முடிய வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பின்தங்குவது செப்டம்பரிலேயே தெரிந்துவிடும். சரிசெய்ய நேரமும் இருக்கும். நவம்பரில் தெரிந்தால் ஓடுவதைத் தவிர வழியில்லை.

கடினமான யூனிட் கடைசியில் இருந்தால், இன்டெர்னல் போர்ஷனைப் பங்கிடும் மற்ற ஆசிரியர்களிடம் பேசிவிட்டு அதை முன்னால் கொண்டுவரலாம்.

செய்முறை வகுப்புக்கும் இது பொருந்தும். பழவேற்காடு ஏரியில் கோடையில் உப்புத்தன்மை ஏறும். பருவமழையில் ஆரணி ஆறு நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கும்போது குறையும். இந்த மாற்றத்தை மாணவர்கள் பார்க்க வேண்டும் என்றால், முதல் தண்ணீர் மாதிரியை மழைக்கு முன்பே எடுத்தாக வேண்டும். நாள் தவறினால் அடுத்த வருஷம்தான்.

ஒரு ஹவருக்குள் நேரம் எங்கே போகிறது?

முதலில் அட்டெண்டன்ஸ். 60 பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளுக்கு 5 விநாடி என்றாலும் 5 நிமிடம். 75 ஹவருக்குக் கணக்குப் போட்டால் 6 மணி நேரத்துக்கும் மேல். பாதி யூனிட் அதிலேயே போய்விடுகிறது. நேற்றைய பாடத்திலிருந்து ஒரு கேள்வியைப் போர்டில் எழுதி, மாணவர்கள் விடை எழுதும்போதே இருக்கை வரிசைப்படி வருகையைக் குறித்துக்கொள்ளலாம். பஸ் தாமதமாகி 5 நிமிடம் கழித்து வருபவரும் புதுப் பாடத்தைத் தவற விடமாட்டார்.

அடுத்து நோட்ஸ். சொல்லச் சொல்ல எழுதவைப்பதுதான் நேரத்தை அதிகம் தின்பது. அதற்காக அடியோடு நிறுத்தவும் முடியாது. தமிழ் வழியில் நல்ல புத்தகம் இல்லாத பாடங்களில் மாணவருக்கு அதுதான் புத்தகம். முந்தைய நாளே வாட்ஸ்அப்பிலோ ஜெராக்ஸாகவோ கொடுத்துவிட்டு, வகுப்பில் விளக்கத்தையும் படத்தையும் மட்டும் எழுதவைப்பது நடுவழி.

மூன்றாவது, இடைவெளி. நிறுத்தினால் நேரம் போகும் என்று தோன்றும். ஆய்வுகள் வேறு சொல்கின்றன. 1987-ல் அமெரிக்காவில் கேத்தி ரூல் குழு நடத்திய ஆய்வில், விரிவுரையை மூன்று முறை 2 நிமிடம் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவருடன் குறிப்பை ஒப்பிடச் சொன்னார்கள். பாடம் முடிந்த உடனேயும், பல நாள் கழித்தும், அந்த மாணவர்களுக்குக் கூடுதலாக நினைவிருந்தது. கேள்வி கேட்பதிலும் இதே கதை. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் மேரி பட் ரோ கண்டறிந்தார். 3 விநாடி காத்திருந்தால் பதில்கள் நீளமாகவும் தெளிவாகவும் வந்தன.

வேகத்தைக் கூட்டுவதா, பாடத்தைக் குறைப்பதா?

வேகத்தைக் கூட்டினால் ஆசிரியர் முடிப்பார், மாணவர் முடிக்கமாட்டார். அதற்குப் பதில் ஒவ்வொரு யூனிட்டையும் மூன்றாகப் பிரிக்கலாம்: வகுப்பில் நடத்தியே ஆக வேண்டியது, வீட்டில் படித்துவிட்டு வரக்கூடியது, தொட்டுக்காட்டினால் போதுமானது.

தெரிந்த ஊர் உதாரணமும் நேரத்தை மிச்சப்படுத்தும். பொருளாதாரத்தில் 'பொது வளம்' என்ற பாடத்தை வரையறையிலிருந்து தொடங்கினால் அரை மணி நேரம் போகும். பழவேற்காடு ஏரியில் யார், எங்கே, எந்த முறையில் வலை போடுவது என்று ஊர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட 'பாடு' முறையிலிருந்து தொடங்கினால், அந்தக் கரை மாணவரே வகுப்புக்கு விளக்குவார். பொது வளங்களை மக்களே நிர்வகிக்க முடியும் என்று காட்டி 2009-ல் நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரமுக்கு அங்கிருந்து போவது சுலபம்.

அப்படியும் பின்தங்கினால்?

மாலையில் மணிக்கணக்கில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால், கடைசி பஸ்ஸைப் பார்க்கும் ஊர்ப் பிள்ளைகள்தான் முதலில் எழுந்து போவார்கள். யாருக்குத் தேவையோ அவர்களுக்கே கிடைக்காது. அதைவிட, மிச்சமுள்ள யூனிட்டில் இரண்டு முக்கியத் தலைப்புகளை முழுதாக நடத்தி, மற்றவற்றுக்குக் கேள்விப் பட்டியலும் குறிப்பும் கொடுத்து, "இது நடத்தினது, இது நீங்க படிக்கணும்" என்று தெளிவாகச் சொல்லிவிடுவது மேல். பல்கலைக்கழகத் தேர்வில் 5 யூனிட்டிலிருந்தும் கேள்வி வரும் என்பதால், ஒரு யூனிட்டை அப்படியே விட்டுவிட முடியாது.

எல்லாம் ஆசிரியர் கையில் இல்லை என்பதும் உண்மை. 2018 யு.ஜி.சி. விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. பணியிடம் காலியாக இருந்தால் அந்தச் சுமையும் இருப்பவர் தலையில் ஏறும். செமஸ்டர் நடுவில் வரும் கௌரவ விரிவுரையாளர், வேறொருவர் விட்ட இடத்திலிருந்து பிடிக்க வேண்டும். அதனால் எதுவரை நடந்தது, எத்தனை ஹவர் மிச்சம் என்ற பதிவு துறையில் இருப்பது அவசியம்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்றுதான்: காலண்டரை எடுத்து, தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி, மிச்சமிருக்கும் ஹவரை எண்ணுவது. அதில் மழைக்கு இரண்டு சுற்றைக் கழித்துவிட்டு வருவதுதான் கையில் உண்மையாக இருக்கும் நேரம்.