சொல்லாமல் வந்தவர்கள்

இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் நியூகே என்றொரு ஊர். 2009-ல் அங்கிருக்கும் புளூ ரீஃப் மீன்காட்சியகத்தில் ஒரு தொட்டியின் பவளங்களை ஏதோ ஒன்று இரவோடிரவாகக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. மீன்களும் காயம்பட்டன. பகலில் தேடினால் எதுவும் கண்ணில் படவில்லை. இரை வைத்துப் பொறி போட்டார்கள். விடிந்து பார்த்தால் பொறி உடைந்து கிடந்தது. வேறு வழியின்றிப் பாறைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்தபோதுதான் ஆள் அகப்பட்டது. ஏறக்குறைய 4 அடி நீளமுள்ள, வலிய தாடை கொண்ட ஒரு கடற்புழு! அதை யாரும் வாங்கி வந்து விடவில்லை. நூல் போன்ற குட்டியாகப் பவளத்திலோ பாறையிலோ ஒளிந்து வந்து, உள்ளேயே வளர்ந்திருக்க வேண்டும்.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர் ஒரு துண்டுப் பவளம் வாங்கினால், அதோடு ஒரு தெருவே குடிவந்து விடுகிறது. கிளைகளின் இடுக்கில் நண்டு, அடிக்கல்லின் பொந்தில் புழு, நிழல்பக்கத்தில் கடற்பஞ்சு, எங்கோ ஒட்டியிருக்கும் நத்தை முட்டை. இவற்றில் யார் உறவு, யார் பகை? தோற்றத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் பெரும்பாலும் தவறிவிடும்.

சுணைப்புழுவை எடுத்துக்கொள்வோம். இளஞ்சிவப்பு உடல், இருபுறமும் வெள்ளை முள்வரிசை. தொட்டால் கம்பளிப்பூச்சி பட்டதுபோல் எரியும். செத்த மீனை மொய்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணில் படுவதால் கொலைப்பழியும் அதன் தலையில் விழுகிறது. அட்லாண்டிக்கில் பவளம் தின்னும் நெருப்புப்புழு ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் தொட்டிகளில் காணும் சுணைப்புழுக்களில் பெரும்பாலானவை மிச்சம் மீதியைத் தின்று நீர் கெடாமல் காக்கும் துப்புரவாளர்கள். இழவு வீட்டுக்கு வந்தவரைக் குற்றவாளி ஆக்குவது போன்றதுதான் அந்தப் பழி.

நண்டிலும் இரண்டு சாதி. உடலெல்லாம் மயிர், கருத்த இடுக்கிமுனை என்றால் சந்தேகப்படலாம். வழவழவென்று மின்னும் சிறு டிரபீசியா நண்டு காலிஃபிளவர் பவளத்தின் கிளைகளுக்குள் இருந்தால், அதை வெளியேற்றுவது காவலாளியைத் துரத்துவதற்குச் சமம். பவளம் சுரக்கும் கோழையைத் தின்று வாழும் இந்த நண்டு, பதிலுக்குக் கிளைகளில் படியும் வண்டலை வாரி எறியும். பவளத்தை மேய வரும் முள்முடி நட்சத்திரமீனின் குழாய்க்கால்களைக் கிள்ளி விரட்டும். நகத்தளவு நண்டுக்கு அஞ்சி அத்தனை பெரிய நட்சத்திரமீன் விலகிப் போவதைக் கடலில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சில விருந்தாளிகளைக் காதால்தான் அறிய முடியும். நள்ளிரவில் ‘டக்’ என்று ஒரு சத்தம். கண்ணாடி விரிசல்விட்டதோ என்று வீட்டுக்காரர் பதறி எழுவார். வேலை சொடுக்கு இறாலுடையதாக இருக்கக்கூடும். தன் பெரிய இடுக்கியை அது மூடும் வேகத்தில் நீர் பீறிட்டுப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலில் ஒரு குமிழி பிறக்கிறது. சத்தம் எழுவது இடுக்கியின் இரு விரல்கள் மோதுவதால் அல்ல, அந்தக் குமிழி நொறுங்குவதால் என்பது 2000-ல்தான் அதிவேகப் படப்பிடிப்பின் மூலம் தெளிவானது.

தொட்டிக்காரர்கள் அதிகம் சபிப்பது ஐப்டேசியாவை. பழுப்பு நிறத்தில் குட்டித் தென்னைமரம் போல நிற்கும் கடல் சாமந்தி இது. பிய்த்தெடுத்தால் பாறையில் தங்கிய துணுக்கு மறுபடி முழு உயிராகும். ஒன்றை ஒழிக்கப்போய்ப் பத்தாக்கியவர்கள் உண்டு. இந்தச் சாகாவரம்தான் அதை ஆய்வகத்தின் செல்லப்பிள்ளை ஆக்கியிருக்கிறது. பவளத்தின் செல்களுக்குள் வாழ்ந்து உணவூட்டும் நுண்பாசிகளின் உறவினங்களே இதனுள்ளும் வாழ்கின்றன. பவளம் மெல்ல வளரும். இதுவோ களைபோல் பெருகும். ஆகவே கடல் சூடேறும்போது பாசி ஏன் பிரிந்து போகிறது, பவளம் ஏன் வெளிறுகிறது என்ற கேள்விகளை இதை வைத்து ஆராய்கிறார்கள். 2015-ல் இதன் மரபணுத்தொகுதியும் வெளியானது.

உண்மையான பகைவன் கண்ணுக்கே தெரியாது. அக்ரோபோரா பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு, தின்ற பவளத்தின் ஒளிரும் நிறமியையும் பாசியையும் தன்னுள் தேக்கிக்கொண்டு பவளத்தின் நிறத்திலேயே கிடக்கும். அதைக் காட்டிக்கொடுப்பவை பவளத்தில் வெளிறித் தெரியும் சின்னஞ்சிறு வட்டக் கடித்தடங்கள்தாம். தொட்டிகளைப் பாழாக்கியபின் 2011-ல் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் அதைக் கண்டெடுத்த செய்தி அடுத்த ஆண்டுதான் வந்தது. தொட்டியில் பிடிபட்ட பிறகே கடலில் அதன் வீடு தெரிந்தது!

அதனால்தான் அனுபவசாலிகள் புதுப் பவளத்தை மருந்துக் கரைசலில் முக்கியெடுத்த பின்னும் நேரே தொட்டியில் விடுவதில்லை. புழு உதிர்ந்தாலும் முட்டை தப்பிவிடும் என்பதால் சில வாரம் தனித்தொட்டியில் வைத்திருப்பார்கள். இரவில் விளக்கணைத்து, பல உயிர்களுக்கு உறைக்காத சிவப்பு ஒளியில் உருப்பெருக்கியோடு உட்காருவார்கள். யார், எதை, எப்போது தின்கிறார் என்பதுதான் அங்கே விசாரணை.

அப்படி உற்றுப் பார்த்தவர்களில் ஒருவர் பிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷுல்ட்சே. 1883-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடியில் சில மில்லிமீட்டர் அகலச் சாம்பல் படலம் ஒன்று ஊர்வதைக் கண்டார். வாயில்லை, குடலில்லை, நரம்பில்லை. டிரைகோபிளாக்ஸ் என்று பெயரிட்டார். பிறகு வந்தவர்கள் அது ஏதோ சொறிமீன் உறவின் இளம்பருவம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1971-ல் கார்ல் கிரெல் அதற்கென்றே விலங்குலகில் ஒரு தனித் தொகுதியை வகுத்தார். எளிமையான உடலமைப்பில் அதற்கு இணையான விலங்குகள் மிகச் சிலவே. இன்றும் கடல்நீர்த் தொட்டிகளின் கண்ணாடியில் அது ஊர்வதுண்டு. பாசிக்கறை என்று நினைத்துத் துடைத்துவிடுவார்கள்.