ஏலத்துக்குப் போகும் எஞ்சினும் மட்டக்களப்புக்கு வரும் ரயிலும்

நாவற்குடாவில் தண்டவாளம் இல்லை. கல்லடிப் பாலத்தைக் கடந்து மட்டக்களப்பு நிலையத்துக்குப் போனால்தான் ரயில். கொழும்பில் கிளினிக், வெளிநாட்டு வேலைக்கான அலுவல்கள், பிள்ளைகளின் படிப்பு என்று இரவு ரயிலை நம்பியிருப்போர் இங்கு பலர். இந்தியாவிடமிருந்து 22 பழைய டீசல் எஞ்சின்களை இலவசமாகப் பெறுவது பற்றி 2024இல் அரசாங்கம் பேசியபோது அவர்களிடம் எழக்கூடிய கேள்வி ஒன்றுதான்: அங்கே ஏலத்தில் கழிக்கும் இரும்பு நமக்கு எதற்கு?

முதலில், அந்த எஞ்சின்கள் ஏன் மிஞ்சுகின்றன என்று பார்க்கவேண்டும். இந்தியா தனது அகலப் பாதைகளை ஏறக்குறைய முழுமையாக மின்மயமாக்கிவிட்டது. அதனால் ஆயுள் முடியாத டீசல் எஞ்சின்களும் வேலையற்று நிற்கின்றன. பாவனையிலிருந்து நீக்கப்பட்டவை இணையவழி ஏலத்துக்குப் போகின்றன. நிபந்தனை, 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்பதே. வாங்குபவர் பெரும்பாலும் பழைய இரும்பு வியாபாரி. இந்தியாவில் பல்லாண்டு ஓடிய டபிள்யூ.டி.எம்.2 வகை எஞ்சின் ஒன்றின் எடை சுமார் 113 தொன். வெட்டினால் உருக்கு கிடைக்கும். சக்கரங்களைச் சுழற்றும் மின்மோட்டார்களிலிருந்து செம்பு கிடைக்கும்.

ஓடும் நிலையில் உள்ளவற்றுக்கு இன்னொரு வழி உண்டு. பங்களாதேஷுக்கு இந்தியா 2020இல் 10, 2023இல் 20 அகலப்பாதை எஞ்சின்களைக் கொடுத்தது.

இலங்கை உலகச் சந்தையில் பழைய எஞ்சினை எங்கும் வாங்கிவிட முடியாது. எமது தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1,676 மில்லிமீற்றர். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது 1,435. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆர்ஜென்டீனா போன்ற சில நாடுகளே எமது அகலத்தைப் பயன்படுத்துகின்றன. வேறு அகலத்துக்குச் செய்த எஞ்சினைக் கொண்டுவந்தால் அதன் அடிப்பாகத்தையே மாற்றவேண்டும்.

பழையது என்பதால் மட்டும் ஒரு எஞ்சின் கூடாதது ஆகிவிடாது. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் கனடாவிலிருந்து வரத்தொடங்கிய எம்2 வகை எஞ்சின்கள் எழுபது ஆண்டு தொட்டும் ஓடின. அவற்றில் ஒன்றான 591 இலக்க 'மனிற்றோபா', 2004 சுனாமியில் பெரலியவில் அடித்துச் செல்லப்பட்ட ரயிலை இழுத்துச்சென்றது. அதையும் திருத்தி மீண்டும் ஓடவிட்டார்கள். உதிரிப்பாகமும், அந்த எஞ்சினை அறிந்த தொழிலாளர்களும் இருந்ததாலேயே அது முடிந்தது.

இந்த வகையில் இந்திய எஞ்சின்களுக்கு ஒரு சாதகம் உண்டு. 1996இல் வாரணாசியிலிருந்து வந்த எம்8 வகை, டபிள்யூ.டி.எம்.2 குடும்பத்தைச் சேர்ந்தது. எமது தொழிலாளர்களுக்கு அது புதிதல்ல. ஆனால் அந்த நீண்ட எஞ்சின்கள் மலைநாட்டின் கூரிய வளைவுகளுக்குப் பொருந்தாதவை. மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் போன்ற சமதரைப் பாதைகளுக்கே அவை ஏற்றவை. ஆகவே இது கொழும்பின் பிரச்சினை மட்டுமல்ல.

மட்டக்களப்புப் பாதை மாகோவிலிருந்து ஒற்றைத் தண்டவாளம். இடையில் ஒரு எஞ்சின் பழுதானால் எதிரே வரும் ரயிலும் காத்துக்கிடக்கும். ரயில் நின்றுபோனால் என்னவாகும் என்பது எமது மக்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1990 ஜூனில் நின்ற யாழ்ப்பாணச் சேவை 2014 ஒக்டோபரில்தான் திரும்பியது. இடையில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. கிழக்குப் பாதையும் யுத்தகாலத்தில் தடைப்பட்டது.

இலவசம் என்பது எஞ்சினின் விலை மட்டுமே. கப்பல் செலவு, பெரும் பராமரிப்பு, உதிரிப்பாகம், பயிற்சி எல்லாம் எமது கணக்கில்தான் வரும். இந்தியாவில் இந்த வகைகள் ஒதுக்கப்பட ஒதுக்கப்பட, உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலைகளும் குறையும். ஆகவே அடுத்த தடவை இச்செய்தி வரும்போது மக்கள் பிரதிநிதிகளிடம் மூன்று விடயங்களைக் கேட்கலாம். எஞ்சினுக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள்? எத்தனை ஆண்டுக்கான உதிரிப்பாகம் கூட வருகிறது? எந்தப் பாதையில் ஓடப்போகிறது? இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லையென்றால், அடுத்த ஏலம் இரத்மலானையில் நடக்கும். வாங்குபவர் எமது பழைய இரும்பு வியாபாரியாக இருப்பார்.