டாமிஃபுளூவுக்கு அடங்காத வைரஸ்

2009 பன்றிக் காய்ச்சல் சமயத்தில், விருதுநகரில் "மாத்திரையைப் பாதியில் நிறுத்தினா வைரஸ் பழகிடும்"னு நானும் சொல்லித் திரிந்தேன். (மருத்துவர் சொன்ன ஐந்து நாளும் போடணும், அது வேற.) ஆனால் கதை அவ்வளவு நேரடியானதில்லை.

புது வைரஸ்கள் செல்லிலிருந்து விடுபட நியூராமினிடேஸ் என்ற கத்தரிக்கோல் வேண்டும். டாமிஃபுளூ அதன் வாயை அடைக்கும். அந்தப் புரதத்தின் 275-ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் போய் டைரோசின் வந்தால் மருந்து சரியாக ஒட்டாது. ஆனால் மேற்பரப்புக்கு வந்து சேரும் கத்தரிக்கோலும் குறைந்து வைரஸ் நொண்டும். அதனால் பரவாது என்றே நினைத்தார்கள்.

2007-08 குளிர்காலத்தில், டாமிஃபுளூ அதிகம் புழங்காத நார்வேயில் அதே மாற்றம் கொண்ட எச்1என்1 பெருகியது! 2010-ல் ஜெஸ்ஸி ப்ளூம் குழு காரணம் காட்டியது: முன்பே சத்தமில்லாமல் வந்திருந்த வேறு இரண்டு மாற்றங்கள் அந்தக் குறையை ஈடுகட்டின. எப்போதோ சேர்த்த கோடு வரி இன்றைய பிழையைத் தாங்கிப் பிடிப்பது மாதிரி.

2009-ல் வந்தது வேறு எச்1என்1. அதில் இந்த எதிர்ப்பு அரிது. பழையதையும் அதுவே ஓரங்கட்டியது.