இணையக் கடைக்கு ஏற்ற கூடை

கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் வாயிலிற் கூடையை எடுத்துக்கொள்கின்றார். பருப்பை எடுத்து அதில் இடுகின்றார். நாலடி நடந்து சவர்க்காரம் எடுக்கின்றார். பின்னர் பருப்பு வேண்டாமென்று திருப்பி வைக்கின்றார். கடைக்காரர் இருந்த இடத்திலிருந்தே இவையனைத்தையும் காண்கின்றார். இணையத்திற் கடை வைத்திருப்பவருக்கு இவ்வசதி இல்லை. இணையம் இயங்கும் அடிப்படை விதி மறதியுடையது. வாடிக்கையாளர் ஒரு பக்கத்தைக் கேட்கின்றார். கடையின் கணினி அதனை அனுப்புகின்றது. அனுப்பிய மாத்திரத்தே அவரை மறந்துவிடுகின்றது. அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது அவர் முன்பின் அறியாதவராகவே மீண்டும் வந்து நிற்கின்றார்.

இக்குறைக்கு 1994ஆம் ஆண்டில் ஒரு வழி காணப்பட்டது. எம்.சி.ஐ. என்னும் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம் இணையக் கடையொன்றை அமைக்க முயன்றது. வாங்கி முடியாதவர்களின் அரைகுறைக் கணக்குகளைத் தன் கணினிகளிற் சேமித்து வைக்க அது விரும்பவில்லை. அக்காலத்தில் நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணிபுரிந்த லூ மொண்டூலி என்பவர், வாடிக்கையாளரின் கணினியிலேயே ஒரு சிறு குறிப்பை வைத்துவிடும் முறையை வகுத்தார். அதற்குக் குக்கி என்று பெயர். சந்தை வாயிலிற் சைக்கிளை விட்டுச் செல்வோருக்குக் கொடுக்கும் துண்டினை ஒத்தது அது. துண்டைக் காட்டினாற் சைக்கிள் யாருடையது என்பது தெரியும். குக்கியைக் காட்டினாற் கூடை யாருடையது என்பது தெரியும்.

அன்று தொடங்கிய கூடை இன்று வெகுவாக வளர்ந்துவிட்டது. பொருட்பட்டியல், விலை, வரி, அனுப்புங் கூலி, கொடுப்பனவு, இருப்புக் கணக்கு, பற்றுச்சீட்டு, வாடிக்கையாளரின் பெயர் விலாசம் ஆகிய யாவும் ஒரே மென்பொருளினுள் அடங்கியுள்ளன. பெயரளவில் அது கூடை. செயலளவிற் காசுப்பெட்டியும் பேரேடும் களஞ்சியப் பதிவும் சேர்ந்த ஒன்று. எனவே, சிறிய கடையொன்றுக்கு மென்பொருள் தேடுபவர் பக்கத்தின் அழகையும் வண்ணத்தையும் பார்ப்பதற்கு முன்னர், தமது பேரேடு யார் கையில் இருக்கப்போகின்றது என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.

இம்மென்பொருள்கள் இருவகைப்படும். ஒன்று வாடகைக்குக் கிடைப்பது. மாதந்தோறும் பணஞ் செலுத்தினால், நிறுவனமே கணினியையும் மென்பொருளையும் பாதுகாப்பையும் பார்த்துக்கொள்ளும். கனடாவிலிருந்து இயங்கும் ஷொப்பிஃபை இவ்வகையைச் சேர்ந்தது. மற்றையது கடைக்காரர் தாமே பெற்றுத் தம் பொறுப்பில் நிறுவிக்கொள்வது. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த வூகொமர்ஸ், பிரான்சிலே தோன்றிய பிரெஸ்ராஷொப் முதலியன இத்தகையன. இவற்றின் மூலநிரல் எவரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டிருக்கின்றது.

ஷொப்பிஃபை தோன்றிய கதை இவ்விடத்திற் சொல்லத் தக்கது. ஜேர்மனியிற் பிறந்து ஒட்டாவாவிற் குடியேறிய தோபியாஸ் லுட்கே என்னும் நிரலாளர், 2004ஆம் ஆண்டில் நண்பரொருவருடன் சேர்ந்து பனிச்சறுக்குப் பலகைகளை விற்கும் இணையக் கடையொன்றைத் தொடங்கினார். அன்று கிடைத்த கூடை மென்பொருள்கள் எவையும் அவருக்கு மனநிறைவு தரவில்லை. ஆதலின் தாமே ஒன்றை எழுதினார். பலகை வியாபாரம் பின்தங்கியது. எழுதிய மென்பொருளோ 2006இல் ஒரு தனித் தொழிலாயிற்று. இதனைக் கேட்டு, தமக்கும் ஒன்று எழுதுவித்தால் என்ன என்று சிறு வணிகர் சிலர் எண்ணுவதுண்டு. லுட்கே நிரலாளர் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். கூலிக்கு எழுதுவித்த மென்பொருள், எழுதியவர் வேறு வேலைக்குச் சென்ற அன்றே அநாதையாகிவிடும்.

செலவுக் கணக்கிலும் ஏமாற்றத்திற்கு இடமுண்டு. திறந்த மூலநிரல் இலவசம் என்பது உண்மையே. ஆயினும் அதனை வைத்திருக்கும் கணினிக்கு வாடகை உண்டு. பழுது நேர்ந்தாற் பார்ப்பவருக்குக் கூலி உண்டு. வெளியாகும் திருத்தங்களைத் தவறாது சேர்த்துக்கொள்ளும் கடமையும் உண்டு. வாடகைச் சேவையிலோ வேறொரு செலவு மறைந்திருக்கும். நிறுவனத்தின் சொந்தக் கொடுப்பனவு ஏற்பாட்டைப் பயன்படுத்தாத கடைகளிடம் சில சேவைகள் ஒவ்வொரு விற்பனையிலும் மேலதிகப் பங்கு கேட்கும். அந்த ஏற்பாடு தமது நாட்டிற் கிடைக்குமா என்பதை முதலிலே விசாரித்துக்கொள்ள வேண்டும். மாதம் இரண்டு இலட்சம் ரூபா விற்பனையுள்ள கடையொன்றில் மேலதிகப் பங்கு நூற்றுக்கு இரண்டு என வைத்துக்கொள்வோம். அது மாதம் 4,000 ரூபா. நூற்றுக்கு இரண்டுதானே என்று தோன்றும். ஆனால் அக்கடையின் இலாபம் நூற்றுக்குப் பத்தாயின், கைக்கு வருவது 20,000 ரூபா. அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்பதே உண்மைக் கணக்கு. பங்கினை விற்பனையோடு ஒப்பிடாது இலாபத்தோடு ஒப்பிடுதலே கடைக்காரர் முறை.

பணத்திலும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. அதற்கு மஜெண்டோ என்னும் மென்பொருளின் வரலாறு நல்ல சான்று. 2008இல் வெளிவந்த மஜெண்டோ, பல நாடுகளில் வணிகரின் விருப்பத்தைப் பெற்றது. 2011இல் ஈபே நிறுவனம் அதனை வாங்கிற்று. சிறு வணிகருக்கென மஜெண்டோ கோ என்னும் வாடகைச் சேவையும் நடந்தது. பெரிய நிறுவனத்தின் நிழலில் இருக்கின்றோம் என்று கடைக்காரர்கள் நிம்மதியாயிருந்தனர். 2014 யூலையில் அச்சேவை நிறுத்தப்படும் என அறிவித்தல் வந்தது. 2015 பெப்ரவரி 1ஆந் திகதி அது மூடப்பட்டது. ஏறத்தாழ ஏழு மாதங்களுள் ஒவ்வொருவரும் தத்தம் கடையைப் பெயர்த்துக்கொண்டு வேறிடம் போக நேர்ந்தது.

வாடகைக்கு இருந்தவர்களுக்குத்தான் இக்கதி என்று எண்ணுதல் கூடாது. அதே மஜெண்டோவின் முதலாம் பதிப்பைத் தம் சொந்தக் கணினிகளில் நிறுவியிருந்தவர்களையும் காலம் விடவில்லை. 2015இல் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. 2018இல் அடோபி நிறுவனம் மஜெண்டோவை வாங்கிற்று. முதலாம் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 யூன் 30ஆந் திகதியுடன் நின்றன. ஒன்றிலிருந்து மற்றையதற்கு மாறுவது எளிய காரியமன்று. பக்க அமைப்புகளையும் துணை நிரல்களையும் புதிதாகவே எழுத வேண்டியிருந்தது. செலவுக்கு அஞ்சிப் பலர் பழைய பதிப்பிலேயே தங்கினர். 2020 செப்டெம்பரில் ஒரு வார இறுதியில் மட்டும் ஏறத்தாழ இரண்டாயிரம் மஜெண்டோ கடைகளுக்குள் திருடர் புகுந்தனர். அவற்றுட் பெரும்பாலானவை முதலாம் பதிப்பில் இயங்கியவை. பணங் கொடுக்கும் பக்கத்தில் மறைநிரலொன்றைச் செருகி, வாடிக்கையாளர் தட்டச்சுச் செய்த கடனட்டை இலக்கங்களைக் கவர்ந்தனர். கடைக்காரருக்கு வெளியே தெரிந்த மாற்றம் எதுவுமில்லை. பொருளும் விற்றது, பற்றுச்சீட்டும் சென்றது.

ஆகவே, எந்த மென்பொருளும் ஒரு நாள் கைவிடப்படலாம் என்று வைத்துக்கொண்டே தெரிவு செய்தல் வேண்டும். புகுமுன் வெளியேறும் வழியைப் பார்த்துக்கொள்வதே முதல் வேலை. பொருட்பட்டியல், வாடிக்கையாளர் பட்டியல், இதுவரை நடந்த கொள்வனவுகள் ஆகிய மூன்றையும், எந்தக் கணக்கு நிரலிலுந் திறக்கக்கூடிய சாதாரண அட்டவணையாக வெளியே எடுக்க முடிகின்றதா? முடியும் என்று விளம்பரம் கூறினாற் போதாது. பரீட்சார்த்தக் காலத்திலேயே பத்துப் பொருள்களை உள்ளிட்டு, வெளியே எடுத்து, திறந்து பார்க்கவேண்டும். விலை வந்து நிறமும் அளவும் வராமற் போவதுண்டு. படங்களுக்குப் பதிலாக, சேவை மூடப்பட்டதும் இறந்துபோகும் இணைப்பு முகவரிகள் மட்டுமே வருவதுமுண்டு. வாடிக்கையாளரின் கடவுச்சொற்கள் பெரும்பாலும் மாறிவர மாட்டா. அவர்கள் புதியது அமைக்க நேரும் என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

இதனோடு சேர்ந்தது கடையின் இணைய முகவரி. அதனைக் கடைக்காரர் தம் பெயரிலேயே பதிவு செய்தல் இன்றியமையாதது. தளம் அமைத்துக் கொடுத்தவரின் பெயரிலோ சேவை நிறுவனத்தின் பெயருக்குக் கீழோ முகவரி இருப்பின், இடம் மாறும் நாளிற் பெயர்ப்பலகையையும் விட்டுவிட்டே போகவேண்டும்.

கொடுப்பனவைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. கடனட்டை இலக்கம் எக்காரணங் கொண்டும் சிறு கடையின் கணினியிற் பதிதல் ஆகாது. வாடிக்கையாளரை வங்கியின் அல்லது அனுமதி பெற்ற கொடுப்பனவு நிறுவனத்தின் பக்கத்திற்கே அனுப்பி, பணம் கிடைத்ததா என்ற விடையை மாத்திரம் பெறுகின்ற ஏற்பாடே தகும். கடனட்டை நிறுவனங்கள் 2004 முதல் வகுத்துவரும் பாதுகாப்பு விதிகள் நெடியன; அவற்றின் பெரும் பாரத்தை இவ்வழியிற் குறைத்துக்கொள்ளலாம். எனினும் பெயரும் விலாசமும் தொலைபேசி இலக்கமும் கடையிலேயே தங்கும். அவையும் பிறர் உடைமையே. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்பிற்கென்றே இயற்றப்பட்டது.

கையிற் காசு பெற்றுப் பொருள் கொடுக்கும் வழக்கம் இந்நாட்டிற் பரவலாக உள்ளது. மென்பொருள் அதனை ஏற்கின்றதா, ஏற்பின் அவ்வகைக் கொள்வனவைத் தனியே பிரித்துக் காட்டுகின்றதா என்பது கவனிக்கத்தக்கது. காசு வந்ததாகவே அதனைக் கணக்கிற் சேர்த்துவிடும் மென்பொருள், திரும்பி வந்த பொதிகளால் மாதமுடிவிற் கணக்கைக் குழப்பிவிடும்.

இருப்புக் கணக்கு மற்றொரு பரீட்சை. கைத்தறிச் சேலை விற்கும் கடையில் ஒரு வண்ணத்தில் ஒரு சேலைதான் இருக்கும். இருவர் ஒரே வேளையில் அதனைக் கூடையில் இட்டால் யாருக்கு அது? கூடையில் இட்டபோதே சில மென்பொருள்கள் ஒதுக்கிவைக்கும். சில, கொள்வனவு பதிவான பின்னரே ஒதுக்கும். வூகொமர்ஸ் பணம் வந்துசேராத கொள்வனவுக்காகப் பொருளை 60 நிமிடம் ஒதுக்கிவைத்து, பின்னர் விடுவிக்குமாறு அமைக்கப்பட்டுள்ளது; கடைக்காரர் அக்காலத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கிற் சவர்க்காரம் விற்பவருக்கு இது பொருட்டன்று. ஒற்றைச் சேலை விற்பவருக்கோ, பணம் வாங்கியபின் இல்லையென்று சொல்ல நேர்தல் ஒரு வாடிக்கையாளரை இழத்தலாகும்.

தமிழிலே பெயரும் விலாசமும் எழுதும் வாடிக்கையாளரை எதிர்பார்ப்பவர் இன்னுமொரு சோதனை செய்தல் நன்று. கொக்குவில், கோப்பாய், தெல்லிப்பழை என மூன்று விலாசங்களை உள்ளிட்டுப் பற்றுச்சீட்டை அச்சிட்டுப் பார்க்கவேண்டும். கணினியில் உயிர்க்குறி பொதுவாக மெய்யின் பின்னரே சேமிக்கப்படுகின்றது. எழுதுங்கால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்யின் முன்னர் நிற்றல் வேண்டும். திரையிற் சரியாகத் தெரிந்த எழுத்து, பற்றுச்சீட்டு ஆக்கும் நிரலில் இவ்வொழுங்கு தவறி, கொம்பு பின்னே விழுந்து அச்சாகும். பழைய மென்பொருள்களில் வினாக்குறிகள் மட்டுமே வருவதும் உண்டு. தமிழாசிரியருக்கு அது எழுத்துப்பிழை. பொதியைக் கொண்டுசெல்பவருக்கு வீடு தெரியாமை.

இவையெல்லாம் முடிந்தபின், கணினிப் பழக்கம் அதிகமில்லாத ஒருவரிடம் சாதாரணக் கைத்தொலைபேசியைக் கொடுத்து, ஒரு பொருளை வாங்கச் சொல்லலாம். அருகில் நின்று உதவாமற் பார்க்கவேண்டும். எந்தப் பக்கத்தில் அவர் தயங்குகின்றார், அனுப்புங் கூலி எந்த இடத்தில் முதன்முதலாகத் தோன்றுகின்றது, கட்டாயமாகக் கணக்குத் திறக்கச் சொல்லும்போது அவர் முகம் எப்படி மாறுகின்றது என்பவற்றைக் குறித்துக்கொண்டால், இரண்டு மென்பொருள்களுக்கு இடையே தெரிவு செய்ய அக்குறிப்பே போதும்.