‘லைக்’கும் ஒப்பாரியும்

எங்கள் பழைய தோட்டத்து ஆட்களுக்கு முகநூலில் ஒரு குழு இருக்கிறது. தோட்டம் இப்போது இல்லை. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனையிலும் ஒரு பகுதி வீடமைப்புத் திட்டத்துக்குப் போனது. ஆட்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறிவிட்டார்கள். குழுவில் வருபவை பெரும்பாலும் மரணச் செய்திகள்தாம். மாலை போட்ட ஒரு படம், பெயர், எந்த லயத்தில் இருந்தவர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். அதன் கீழே வரிசையாக லைக்.

“செத்ததுக்கு யாராவது லைக் போடுவாங்களா?” என்று என் வயதுக்காரர்கள் கேட்பதுண்டு. பெரியவர்கள் அசைவதில்லை. “பார்த்துட்டேன்னு சொல்றேன், அவ்வளவுதான்” என்பார்கள். முகநூலில் அந்தக் கட்டைவிரல் பொத்தான் 2009 பிப்ரவரியில் வந்தது. துக்கத்துக்கும் கோபத்துக்கும் தனித்தனி முகங்கள் 2016 பிப்ரவரியில் சேர்க்கப்பட்டன. அழும் முகம் இருந்தும் எங்கள் குழுவின் பெரியவர்கள் கட்டைவிரலைத்தான் அழுத்துகிறார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு ஆங்கில மொழியியல் படிக்கிறேன். ஆங்கில மொழி வரலாற்றுப் பாடத்தில் இந்த ‘லைக்’ எங்கிருந்து வந்தது என்று படித்தபோது, அந்தப் பெரியவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் ‘லீச்’ என்று ஒரு சொல் இருந்தது. அதற்கு உடல் என்று பொருள். உயிருள்ள உடலுக்கும் சொல்வார்கள், பிணத்துக்கும் சொல்வார்கள். இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில் கல்லறைத் தோட்டத்து வாசலில் கூரை போட்ட ஒரு கதவு இருக்கும். அடக்கத்துக்குக் கொண்டுவரும் உடலைப் பாதிரியார் வரும்வரை அதன் நிழலில் இறக்கி வைப்பார்கள். அதன் பெயர் ‘லிச் கேட்’, அதாவது பிண வாசல். ஜெர்மன் மொழியில் இன்றும் பிணத்துக்கு ‘லைஹெ’ என்றுதான் பெயர்.

இந்த ‘லீச்’சுக்கு முன்னால் ‘கூட’, ‘இணைந்து’ என்ற பொருள் தரும் ஒரு முன்னொட்டைச் சேர்த்தால் ‘யெலீச்’. ஒத்த உடல் கொண்டது என்று அர்த்தம். இதுதான் தேய்ந்து தேய்ந்து இன்றைய ‘லைக்’ ஆனது. ஒன்று இன்னொன்றைப் போல இருக்கிறது என்றால், அதற்கும் இதற்கும் ஒரே உடல் என்று அவர்கள் நினைத்தார்கள்.

மலாய் படித்த நமக்கு இது புரியாத கணக்கல்ல. ‘செருபா’ என்கிறோமே, அதைப் பிரித்துப் பாருங்கள். ‘செ’ என்றால் ஒன்று, ‘ருபா’ என்பது சமஸ்கிருத ரூபம். ஒரே உருவம். இங்கிலாந்துக்கும் மலாய்த் தீவுகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத காலத்தில் இரண்டு மொழிகளும் ஒரே வழியில் யோசித்திருக்கின்றன.

‘லீச்’ அதோடு நிற்கவில்லை. ஆங்கிலத்தில் ‘சச்’, ‘விச்’, ‘ஈச்’ என்ற மூன்று சொற்களைத் தினமும் சொல்கிறோம். மூன்றும் ‘ச்’ என்று முடிவது தற்செயல் இல்லை. அந்தக் கடைசி ஒலிதான் ‘லீச்’சின் மிச்சம். ‘சச்’ என்றால் ‘அப்படிப்பட்ட உடல்’, ‘விச்’ என்றால் ‘எப்படிப்பட்ட உடல்’. ‘ஃபிரெண்ட்லி’, ‘டெய்லி’ என்ற சொற்களின் வாலில் இருக்கும் ‘லி’யும் அதே உடல்தான். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த டெய்லிக்குள்ளும் அது படுத்திருக்கிறது.

‘இல்க்’ என்று இன்னோர் உறவுக்காரச் சொல். ‘அதே’ என்பதுதான் அதன் பழைய பொருள். ஸ்காட்லாந்தில் ஒரு நிலக்கிழாரின் குடும்பப் பெயரும் அவர் நிலத்தின் பெயரும் ஒன்றாக இருந்தால், பெயரைச் சொல்லி ‘அதே இடத்துக்காரர்’ என்று முடிப்பார்கள். பிற்காலத்தில் வந்தவர்கள் ‘இல்க்’ என்றால் இனம், கூட்டம் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்று ‘அவனும் அவன் இல்க்கும்’ என்றால் ‘அவனும் அவனைப் போன்ற கும்பலும்’ என்று கொஞ்சம் இளக்காரமாகத்தான் ஒலிக்கிறது. பேராவில் இரண்டு வயதான தமிழர்கள் முதல்முறை சந்தித்தால் “எந்தத் தோட்டம்?” என்றுதான் கேட்பார்கள். பதிலில் வரும் தோட்டம் வரைபடத்தில் இருக்காது, ஆனாலும் கேட்பவருக்கு ஆளைத் தெரிந்துவிடும். ‘இல்க்’ பற்றிப் படித்தபோது எனக்கு அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

‘ஒத்த உடல்’ எப்படி ‘பிடித்திருக்கிறது’ ஆனது? அளவாக, பொருத்தமாக இருப்பது மனத்துக்கு இதமாக இருக்கும் என்ற வழியில்தான். பழைய ஆங்கிலத்தில் ‘நான் அதை லைக் செய்கிறேன்’ என்ற வாக்கியமே கிடையாது. ‘அது எனக்கு லைக் ஆகிறது’ என்பதுதான் அமைப்பு. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்கூட அப்படிப் பேசுகிறான். தமிழில் நாம் இன்றும் ‘எனக்குப் பிடிக்கும்’ என்றுதானே சொல்கிறோம்? பிடிக்கும் வேலையைப் பொருள் செய்கிறது. நான் வெறும் ‘எனக்கு’. ஆங்கிலேயர்கள் மெல்ல மெல்ல ‘நான்’ என்பதை முன்னால் கொண்டுவந்தார்கள். முகநூல் அதற்கு ஒரு பொத்தானும் செய்து கொடுத்தது.

சரி, நம் பக்கம் வருவோம்.

ஒப்புமைக்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. நன்னூல் ‘போல’, ‘புரைய’, ‘கடுப்ப’, ‘நிகர’ என்று 12 உவம உருபுகளைப் பெயர் சொல்லிவிட்டு, பிறவும் உண்டு என்கிறது. தொல்காப்பியத்தின் பட்டியல் இதைவிட நீளம். அதில் ‘என்ன’ என்பதும் ஓர் உவம உருபு. புலி என்னப் பாய்ந்தான் என்றால், புலி என்று சொல்லும்படி பாய்ந்தான். சொல்வதைக் குறிக்கும் வினை இங்கே ஒப்புமைக்கு வந்துவிட்டது. இன்றைய ஆங்கிலத்தில் இது தலைகீழாக நடக்கிறது. ‘ஷி வாஸ் லைக்’ என்று தொடங்கி ஒருவர் பேசியதை அப்படியே நடித்துக் காட்டுகிறார்களே, அங்கே ஒப்புமைச் சொல் சொல்வதைக் குறிக்க வந்திருக்கிறது. மொழியைக் கெடுக்கிறார்கள் என்று இதற்காக இளைஞர்களைத் திட்டுகிறவர்கள் ‘என்ன’வை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

நம்மிடமிருந்து ஓர் ஒப்புமைச் சொல் மலாய்க்கும் போயிருக்கிறது. ‘பாகாய்’ என்பது நம் ‘வகை’தான். ‘செபாகாய்’, ‘பெல்பாகாய்’ எல்லாம் அதன் பிள்ளைகள். ‘பாகாய்மானா’ என்று நாம் மலாயில் ‘எப்படி’ கேட்கும்போது பாதிக் கேள்வி தமிழில் இருக்கிறது. மலாய்க்காரத் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். “அப்போ எனக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்” என்று சிரித்தாள்.

எல்லா ஒப்புமைச் சொல்லும் நன்றாக வாழவில்லை. ‘போல்’ என்பதிலிருந்து வந்தது ‘போலி’. இலக்கணத்தில் அது இன்னும் கௌரவமான சொல். பந்தல் என்பதைப் பந்தர் என்றும், சாம்பல் என்பதைச் சாம்பர் என்றும் எழுதலாம்; ஓரெழுத்து மாறியும் பொருள் மாறாமல் நிற்பதால் அது கடைப்போலி. வகுப்பறையை விட்டு வெளியே வந்தால் போலி ரிங்கிட், போலி மருத்துவர், போலிச் செய்தி. ஒன்றைப் போல இருப்பது குற்றமாகிவிட்டது.

‘மாதிரி’க்கு வேறு கதை. தேர்வுக்கு முன் ஆசிரியர் மாதிரிக் கட்டுரை கொடுப்பார்; அங்கே அது பின்பற்ற வேண்டிய உயர்ந்த பொருள். கேண்டீனுக்குப் போனால் “எனக்கு ஒரு மாதிரி இருக்கு, அவன் வந்து, மாதிரி, பேசவே மாட்டேங்கிறான்” என்று ஓடும். எங்கள் வயதினர் ‘மாச்சாம்’, ‘லைக்’, ‘மாதிரி’ மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போடுவோம். எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்று கேட்டால் பதில் இருக்காது.

இதுவரை சொன்னது சொற்களைப் பற்றி. சென்ற ஆண்டு என் பாட்டி இறந்தபோது இதை வேறு விதமாகப் பார்க்க நேர்ந்தது.

ஈப்போவில் எங்கள் வீடு வரிசை வீடு. பந்தல் போட்டால் பாதிச் சாலை போய்விடும். வண்டிக்காரர்கள் ஒலிபெருக்கியும் கொண்டுவந்தார்கள். அதில் தேவாரம் ஓடிக்கொண்டிருந்தது. நண்பகலுக்கு மேல் புந்தோங்கிலிருந்து சின்னப் பாட்டி வந்தார், பாட்டியின் தங்கை. வாசலிலேயே ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னார். தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினார். அம்மாவும் சித்திமார்களும் கையைக் கோத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்தார்கள். அவர்களால் கூட அழ முடிந்தது, கூடப் பாட முடியவில்லை. எங்களில் சிலர் கைப்பேசியை எடுத்தோம், பெரியப்பா முறைத்ததும் உள்ளே வைத்துவிட்டோம்.

ஒப்பாரி என்ற சொல்லுக்குள் இருப்பது ஒப்பு. ‘ஒப்புச் சொல்லி அழுவது’ என்றே ஊர்ப்பக்கம் சொல்வார்கள். இறந்தவருக்கு எதெல்லாம் நிகர் என்று தேடித் தேடி எடுத்து வைப்பதுதான் அதன் வேலை. சின்னப் பாட்டி எடுத்து வைத்தவை எந்தப் பாடநூலிலும் இல்லாதவை. பாட்டி விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பும் விளக்கு. மழைநாளில் கவிழ்த்து வைத்த மங்கு, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. நிரை மாறாமல் நடக்கும் கால். பால் வெட்டும் கத்தி, ஆனால் மரத்துக்கு வலிக்காத கத்தி. ஐந்து பிள்ளைகளை வளர்த்த ஒருத்தியைப் பற்றி அன்று வந்த யார் சொன்னதையும்விட அந்த மங்கு எனக்கு அதிகம் சொன்னது.

ஒன்றைக் கவனித்தேன். சின்னப் பாட்டி ‘போல’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நீ விளக்கு, நீ மங்கு, அவ்வளவுதான். உருபை விட்டுவிட்டால் உவமைத்தொகை, உருபே தேவைப்படாமல் இரண்டும் ஒன்றாகிவிட்டால் உருவகம் என்று எஸ்.பி.எம்.முக்கு மனப்பாடம் செய்த எனக்கு, அது எதற்காக என்பது அன்றுதான் தெரிந்தது. நாங்கள் ஒப்பு இல்லாத இடத்திலெல்லாம் ‘மாதிரி’ சொல்கிறோம். அவர் ஒப்பைச் சொல்லிக்கொண்டே இருந்தார், ‘மாதிரி’ வரவே இல்லை.

‘ஒப்பாரி’யும் இப்போது திட்டும் சொல்லாகிவிட்டது. பணி ஒப்படைப்புக்கு நாள் நீட்டிக்கச் சொல்லி விரிவுரையாளரிடம் கெஞ்சுகிறவனை “ஒப்பாரி வைக்காதே” என்போம். சொல் தேய்வதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ‘லீச்’ தேயாமல் இருந்திருந்தால் ஆங்கிலத்தில் பாதி வாக்கியம் ஓடாது. எனக்குக் கவலை வேறு. எங்கள் குடும்பத்தில் ஒப்பாரி தெரிந்தவர் இப்போது ஒருவர்தான். பெரட்டு, மங்கு, நிரை எல்லாம் கையால் தொட்ட பொருளாக இருந்தவருக்கு அவை ஒப்பாக வந்தன. எனக்கு அவை சொற்கள் மட்டும்.

அதனால் மூன்று மாதம் கழித்து ஒலிப்பதிவுக் கருவியோடு புந்தோங்குக்குப் போனேன். சின்னப் பாட்டி காப்பி கலக்கிக் கொடுத்தார், கச்சான் பூத்தே ஒரு தட்டில் வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

“ஏம் புள்ள, நல்லா இருக்கிற வீட்டுல உக்காந்து ஒப்பாரி பாடுவாங்களா?”

நடைபாதைக்குப் போவோமா என்றேன். கோயில் பக்கம் மரத்தடிக்குப் போவோமா என்றேன்.

“எங்க போனாலும், ஆளு இல்லாம யாருக்கு ஒப்பு சொல்றது?”

உடல் முன்னால் கிடக்காமல் ஒப்புச் சொல் வராது என்று அவர் சொல்கிறார். ‘லீச்’சைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

கொஞ்சம் பேரம் பேசியபின் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். பாட மாட்டார். வீட்டுக்கு வெளியே, கேட்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டு, சாதாரணப் பேச்சாகச் சொல்வார்: கணவன் இறந்தவளுக்கு என்னென்ன ஒப்பு, பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு என்னென்ன, கல்யாணம் ஆகாமல் போனவனுக்கு என்னென்ன. மாதம் ஒரு சனிக்கிழமை போகிறேன். நோட்டில் 40 ஒப்புகள் சேர்ந்திருக்கின்றன, மெட்டு ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டி இருந்தால் போய்க் கேளுங்கள், ஆனால் வீட்டுக்குள் வைத்துக் கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமையும் வேண்டாம்; என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்.